குளத்து மீனுக்குப் பசி வந்த காலை

— இப்போ கண்ணைத் திறங்க அத்தை.

— எப்பவோ திறந்துட்டேன் மாப்பிள்ளை. விரல் சந்துல பார்த்துக்கிட்டுத்தான் வந்தேன். காலமெல்லாம் ஓடுற பஸ்ல டிக்கெட் கிழிச்சவ கண்ணை மூடிக்கிட்டு நடப்பாளா?

— சரி, என்ன தெரியுது?

— நீச்சல் குளம் இருந்த இடத்துல கீரைத் தோட்டம் தெரியுது. விடியக்காலையில நான் வந்து இறங்கினப்போ முக்கால்வாசியைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தீங்களே, பழைய கட்டிலை எல்லாம் அடுக்கி வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். உள்ள இதுவா?

— தோட்டம் மேல. கீழ பாருங்க.

— கீழ தண்ணி. பச்சைத் தண்ணி.

— அதுக்கும் கீழ.

— என்னமோ ஓடுது.

— மீன் அத்தை. திலாப்பியா. இருநூறு உருப்படி. இந்தாங்க தீனி, ஒரு கைப்பிடி வீசுங்க.

— நானா?

— வீசுங்க. இவங்க ஒரு வாரமா பட்டினி. நான் என்ன போட்டாலும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு அடியில போய்ப் படுத்துக்கிட்டாங்க. நானும் சரியா சாப்பிடல. இன்னிக்குக் காலையில பல் விளக்கிட்டு வந்து எட்டிப் பார்க்கிறேன், மொத்தப் பேரும் மேல வந்து வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு ஆட வரும்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்.

— அந்த டங்கு டங்குன்னு சத்தம் நீங்கதானா? பக்கத்து வீட்டுல யாரோ போர்வை துவைக்கிறாங்கன்னு நினைச்சேன். சரி, நகருங்க. இந்தா மீனுங்களா... யப்பா. யப்பா யப்பா. என்ன இது, கடைசி பஸ்ஸுக்கு முண்டியடிக்கிற கூட்டம் மாதிரி.

— இன்னொரு கைப்பிடி?

— கொண்டாங்க. படியில தொங்காதே, உள்ள போ, உள்ள போ. பின்னால இருக்கிறவனுக்கும் வழி விடு. மாப்பிள்ளை, அந்த மூலையில ஒரு குட்டி, பாவம், ஒண்ணுமே கிடைக்கல அவனுக்கு.

— அவன் அப்படித்தான் நடிப்பான். கடைசியில அவன் வயித்தைப் பாருங்க.

— நல்லா இருக்கு கதை. அது கிடக்கட்டும், என் பொண்ணுக்கு இது தெரியுமா?

— இப்போ பாருங்க, இந்தத் தொட்டியில இருக்கிறது வெறும் ஜல்லிதான்...

— மாப்பிள்ளை. தெரியுமா, தெரியாதா?

— தெரியாது.

— போன்ல சொல்லலையா?

— குளம் எப்படி இருக்குன்னு கேப்பா. உயிரோட்டமா இருக்குன்னு சொல்லுவேன். பொய் இல்லையே.

— இன்னிக்கு சாயங்காலம் வரா.

— ஆமா.

— வந்தா வீட்டுக்குள்ள நுழையக்கூட மாட்டா. பையை வாசல்ல போட்டுட்டு, சுத்தி ஓடி வந்து, போட்ட துணியோட இந்தக் குளத்துல குதிப்பா. ஒவ்வொரு தடவையும்.

— ஆமா.

— அப்புறம் போன லீவுல அவ சொன்னது ஞாபகம் இருக்கா? குளியலறையில காளான் வளர்த்தீங்க. பொறுத்துக்கிட்டா. மொட்டை மாடியில தேனீ வளர்த்தீங்க, தபால்காரர் மூஞ்சி பூசணிக்காய் ஆச்சு. பொறுத்துக்கிட்டா. அப்புறம் என்ன சொன்னா?

— கப்பல்ல எஞ்சினியர், வீட்டுல கேப்டன்ல அவ? இந்த வீட்டுல இன்னொரு திட்டம்னு ஒண்ணு வந்தா, அடுத்த தடவை கப்பலை விட்டு இறங்கவே மாட்டேன்னு சொன்னா.

— சொன்னா செய்வா. மூணு வயசுல பால் வேண்டாம்னு சொன்னவ இன்னிக்கு வரைக்கும் குடிக்கல.

— அதுக்குத்தான் அத்தை நீங்க வேணும். நீங்க இதைப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னா நீங்களே அவகிட்ட எடுத்துச் சொல்லலாம். நான் சொன்னா விளக்கம்னு சொல்லுவா. நீங்க சொன்னா செய்தி.

— நான் வந்த காரியமே வேற மாப்பிள்ளை.

— என்ன காரியம்?

— அது அப்புறம்.

— உங்க பெட்டியை மாடியில வெச்சேன். அவ்வளவு பெரிய பெட்டி, பஞ்சு மாதிரி இருந்துச்சே.

— வயசானா துணி குறைஞ்சிடும். நீங்க பாடத்தை நடத்துங்க. டியூஷன் வாத்தியார் கையில மாட்டிக்கிட்டு மணி அடிக்காம எழுந்து போக முடியுமா?

— இப்போ பாருங்க. மீன் சாப்பிடுது. சாப்பிட்டா என்ன பண்ணும்?

— அதையும் நானே சொல்லணுமா?

— பண்ணும். அதுல அம்மோனியா இருக்கு. அது சேர்ந்தா மீனுக்கு விஷம். தன் வீட்டுல தானே விஷம் வெச்சுக்கிற மாதிரி. ஆனா இந்த ஜல்லியைத் தொட்டுப் பாருங்க. வழவழன்னு இருக்கா?

— அசிங்கமா இருக்கு.

— அசிங்கம் இல்ல, நம்ம ஆளுங்க. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. கோடிக்கணக்குல. முதல் ஷிஃப்ட் ஆளுங்க அம்மோனியாவைத் தின்னு வேற ஒண்ணா மாத்துவாங்க. அதுவும் விஷம்தான், கொஞ்சம் குறைச்சல். ரெண்டாவது ஷிஃப்ட் அதை வாங்கி இன்னொண்ணா மாத்துவாங்க. அது செடிக்கு உரம். இந்த ரெண்டு ஷிஃப்டையும் உருவாக்கத்தான் நாளாச்சு. மீனே இல்லாம, வெறும் தண்ணியைச் சுத்த விட்டுக்கிட்டு, இவங்க குடியேறணும்னு காத்துக்கிட்டிருந்தேன். செடி உரத்தைக் குடிச்சுட்டுத் தண்ணியைச் சுத்தமாத் திருப்பிக் கீழ அனுப்பும். மீனுக்கு நல்ல தண்ணி, கீரைக்கு நல்ல சாப்பாடு. எங்க, திருப்பிச் சொல்லுங்க.

— பரீட்சையா?

— சும்மா சொல்லுங்க.

— மீன் முதல் ஸ்டாப்பிங்ல ஏத்தி விடுது. அப்படியே நேராப் போக முடியாது. ஜங்ஷன்ல இறங்கி ஒரு தடவை பஸ் மாறணும், அப்புறம் இன்னொரு தடவை மாறணும். கடைசி ஸ்டாப்பிங் கீரை. அங்க இறங்கினதும் காலி வண்டி திரும்பி டிப்போவுக்கு வந்துடும்.

— நூத்துக்கு நூறு. அத்தை, என்கிட்ட பன்னெண்டாவது படிக்கிற பையனுங்க இவ்வளவு சுத்தமா சொன்னதில்ல.

— ரூட்டு சொன்னா எனக்குப் புரியும். இது என்ன, இந்தத் தொட்டியில தண்ணி ஏறிக்கிட்டே வருது, வழிஞ்சிடப் போகுது.

— வழியாது. பேசாம பாருங்க. பாருங்க. இன்னும் கொஞ்சம்.

— எதைப் பாக்கணும்?

— வந்தாச்சு.

— ஐயையோ, யாரோ கடகடன்னு உறிஞ்சுறாங்களே. மொத்தத் தண்ணியும் இறங்குது.

— உள்ள ஒரு குழாய் நிக்குது. அது மேல ஒரு டம்ளரைக் கவுத்து வெச்ச மாதிரி இன்னொரு மூடின குழாய். தண்ணி உள் குழாயோட வாய் வரைக்கும் ஏறினதும் உள்ள விழ ஆரம்பிக்கும். விழுற வேகத்துல உள்ள இருக்கிற காத்தையும் இழுத்துக்கிட்டுப் போயிடும். காத்து போனதும் டம்ளருக்குள்ள உறிஞ்சல் வந்துடும். அப்புறம் அடித் தண்ணி வரைக்கும் இழுக்காம விடாது. அடியில காத்து புகுந்ததும் உறிஞ்சல் நின்னுடும், மறுபடி நிரம்பும். ஆள் வேண்டாம், சுவிட்ச் வேண்டாம். தண்ணி இறங்குறப்போ வேருக்குக் காத்து கிடைக்குது, ஏறுறப்போ சாப்பாடு கிடைக்குது.

— ஒருத்தன் இறங்குற வரைக்கும் எல்லாரும் கம்முனு நிப்பாங்க. ஒருத்தன் இறங்கிட்டான்னா மொத்த வண்டியும் இறங்கிடும். இதை நான் தினமும் பார்த்திருக்கேன். இன்னொரு தடவை பண்ணச் சொல்லுங்க.

— அது நம்ம சொல்லிக் கேக்காது. நிரம்பணும்.

— காத்திருப்போம். எனக்கென்ன, ரிட்டயர் ஆனவ.

— அத்தை, உங்களுக்குப் பிடிச்சிருக்கு.

— பிடிக்கல. பாத்துக்கிட்டிருக்கேன். ஏன் ஒரு வாரமா இதுங்க சாப்பிடலை, அதைச் சொல்லுங்க.

— தண்ணி புளிச்சுப் போச்சு. அந்த ரெண்டு ஷிஃப்ட் ஆளுங்க வேலை செய்யச் செய்யத் தண்ணி புளிக்கும், அது அவங்க தொழில். ரொம்பப் புளிச்சா அவங்களாலேயே வேலை செய்ய முடியாது. உடனே அம்மோனியா ஏறும், மீன் சோர்ந்துடும். புளிப்பு காட்டுற தாளை நனைச்சுப் பார்த்தா மஞ்சள் மஞ்சள்னு காட்டுச்சு. மஞ்சள்னா புளிப்பு. பேக்கரிக்காரர்கிட்ட கெஞ்சி முட்டை ஓடு வாங்கி, பொடிச்சு, பழைய சாக்ஸுல கட்டித் தொட்டியில தொங்க விட்டேன். முட்டை ஓடு புளிப்பை எடுக்கும். தினமும் பார்த்தேன், மஞ்சள். நேத்து ராத்திரி வரைக்கும் மஞ்சள். இன்னிக்குக் காலையில பச்சை. முட்டை ஓடு ஒரே ராத்திரியில ஜெயிச்சிடுச்சு.

— முட்டை ஓட்டுக்கு அவ்வளவு சக்தியா?

— அதுதான் எனக்கும் ஆச்சரியம். மெதுவாத்தான் கரையும்னு போட்டிருக்காங்க. என் சாக்ஸ்ல ஏதோ விசேஷம் இருக்கணும்.

— இருக்கும், இருக்கும். துவைக்காத சாக்ஸா இருந்தா விசேஷம் இல்லாமலா? ஆனா ஒண்ணு கேக்கிறேன் மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. அவ்வளவு நல்லா பளபளன்னு வெச்சிருந்த குளத்தை எதுக்கு இப்படிப் பண்ணீங்க? அவளுக்காகவே ராவும் பகலும் சுத்தம் பண்ணுவீங்களே.

— அதைக் கேளுங்க. நான் கைவிடல அத்தை, குளம்தான் என்னைக் கைவிட்டுடுச்சு. போன தடவை அவ கப்பலேறிப் போனாளோ இல்லையோ, தண்ணி பச்சையாக ஆரம்பிச்சுது. குளோரின் போட்டேன். இன்னும் பச்சை. ரெண்டு பங்கு போட்டேன். இன்னும் பச்சை. வேற யாரா இருந்தாலும் மந்திரவாதியைக் கூப்பிட்டிருப்பாங்க. நான் யோசிச்சேன். வெயில் குளோரினை உடைச்சிடும், அது உண்மை. இந்த வருஷம் வெயில் அதிகம். என் தியரி அதுதான். சோதனைத் தாளை நனைச்சுப் பார்த்தா குளோரின் சுத்தமா இல்லன்னு காட்டுது. காலையில போட்டது மத்தியானம் இல்ல. அவ்வளவு வெயில்.

— அவ்வளவு வெயிலா?

— அப்புறம் ஒருநாள் பார்க்கிறேன், தண்ணிக்குள்ள தவளைக் குஞ்சுங்க வாலை ஆட்டிக்கிட்டுத் திரியுது. நான் குளோரினைக் கொட்டுறேன், அதுங்க அது மேலேயே வந்து விளையாடுதுங்க. குளோரினைத் தாங்குற தவளை உலகத்துல எங்கேயும் இல்ல, என் குளத்துல இருந்துச்சு. அன்னிக்குத்தான் தோணுச்சு. இந்தத் தண்ணி உயிரோட இருக்கணும்னு நினைக்குது, நான்தான் கொல்லப் பார்க்கிறேன்னு. அப்படியே சரின்னு விட்டுட்டேன். குளோரின் டப்பாவை மோட்டார் ரூம்ல மேல தட்டுல ஏத்தி வெச்சேன், மீன் வாங்கப் போனேன்.

— அவ நீச்சல் என்ன ஆகும்னு யோசிக்கலையா?

— யோசிக்காம? தினமும் அதுதான் யோசனை. அவளுக்கு இந்தக் குளம்னா உயிர். குதிச்சு, ஒரு முழு சுத்து அடிச்சு, மேல வந்து துண்டை வாங்கித் துடைச்சுக்கும்போது கண்ணெல்லாம் சிவந்து...

— என்ன சொன்னீங்க?

— கண்ணு சிவந்திருக்கும். குளோரின் தண்ணியில அப்படித்தான் ஆகும். குளோரின் தனியா ஒண்ணும் பண்ணாது, நம்ம வேர்வையோட சேர்ந்தா ஒரு புதுச் சரக்கு உண்டாகும். கண்ணை எரிக்கிறது அதுதான். அவ வர்றதுக்கு முந்தின நாள் கண்ணாடி மாதிரி இருக்கணும்னு நான் கொஞ்சம் தாராளமாவே போடுவேன். அதனால லீவு முழுக்க அவ கண்ணு கோவைப்பழம்தான்.

— மாப்பிள்ளை.

— சொல்லுங்க.

— கப்பல்ல இருந்து போன்ல முகம் பார்த்துப் பேசினா அவ கண்ணு தெளிவா இருக்கும். இந்த வீட்டுல இருந்து பேசினா ரெண்டு கண்ணும் செக்கச்செவேல்னு இருக்கும். எப்பப் பேசினாலும்.

— குளோரின்தான்.

— நான் கேப்பேன், என்னடி, நல்லா இருக்கியான்னு. நல்லா இருக்கேன்மான்னு சொல்லிட்டுக் கண்ணைத் துடைச்சுப்பா.

— எரியும்ல. துடைக்கத்தான் தோணும்.

— என் பெட்டி ஏன் பஞ்சு மாதிரி இருக்குன்னு கேட்டீங்களே.

— ஆமா.

— காலிப் பெட்டி. அவ துணிமணியை அடுக்கிக்கிட்டு அவளைக் கூட்டிட்டுப் போகலாம்னு கொண்டாந்தேன்.

— எங்க கூட்டிட்டுப் போக?

— என் வீட்டுக்கு. வாத்தியார் என் பொண்ணைத் தினமும் அழ வெக்கிறார்னு நினைச்சேன். கப்பல்ல சிரிக்கிறா, வீட்டுல அழுறான்னா வேற என்னன்னு நினைப்பேன்?

— அத்தை.

— சிரிக்காதீங்க.

— நான் சிரிக்கல. இல்ல, சிரிக்கிறேன். என்னால முடியல. நீங்க சொல்லுங்க, எந்த லீவுல இருந்து இந்தச் சந்தேகம்?

— கல்யாணம் ஆன முதல் லீவுல இருந்து.

— இவ்வளவு காலமா என்னை அப்படியா பார்த்துக்கிட்டிருந்தீங்க? அதனாலதான் வரும்போதெல்லாம் எனக்கு மட்டும் காபி ஆறிப்போய் வந்துச்சா?

— அது வேணும்னுதான் ஆற வெச்சேன். இனிமே சூடா தரேன். ஐயோ, எனக்கு வயிறு வலிக்குது. சிரிக்க வெக்காதீங்க. குளத்து மருந்துக்காகக் குடும்பத்தையே இறக்கி விடப் பார்த்தேனே. நடுவழியில, விசில் கூட அடிக்காம.

— விடுங்க அத்தை. இனிமே குளோரினே கிடையாது. இந்தத் தண்ணியில ஒரு துளி கிடையாது. இருந்தா இவ்வளவும் போயிடும்.

— எவ்வளவும்?

— மீனோட செவுள் வெந்துடும். அதைவிட மோசம், ஜல்லியில இருக்கிற நம்ம ரெண்டு ஷிஃப்டும் கூண்டோட காலி. குளோரினோட வேலையே பாக்டீரியாவைக் கொல்றதுதானே. பல மாச உழைப்பு ஒரு கரண்டியில முடிஞ்சிடும்.

— ஒரு கரண்டியிலயா?

— ஒரு பெரிய கரண்டி போதும். ஏன் அத்தை உக்காந்துட்டீங்க?

— மாப்பிள்ளை, நான் விடியக்காலையில வந்தேன்ல.

— வந்தீங்க. நான் தூங்கிக்கிட்டிருந்தேன்.

— என்கிட்டதான் ஒரு சாவி இருக்கே, எழுப்ப வேண்டாம்னு பின்பக்கமா வந்தேன். தார்ப்பாய் மூடாத ஓரத்துல டார்ச் அடிச்சுத் தண்ணியைப் பார்த்தேன். பச்சையா இருந்துச்சு. பொண்ணு இன்னிக்கு வரா, இந்த மனுஷன் குறட்டை விட்டுக்கிட்டுக் கிடக்கிறார், குளம் பாசி பிடிச்சுக் கிடக்குதுன்னு எனக்கு ஒரு கோவம்.

— அத்தை.

— நீங்க எப்பவும் ஒரு நீல டப்பாவுல இருந்து எடுத்துப் போடுவீங்களே, பார்த்திருக்கேன். மோட்டார் ரூம்ல, மேல தட்டுல...

— சொல்லாதீங்க.

— முக்காலி போட்டு ஏறி எடுத்தேன்.

— எவ்வளவு போட்டீங்க?

— ஏழெட்டு.

— துகளா?

— கரண்டி. மண் அள்ற கரண்டி இருந்துச்சு பக்கத்துல. டப்பாவைத் திறந்தா ஒரு வாடையும் வரல, சரக்கு பழசாகி வீரியம் போயிடுச்சுன்னு நினைச்சுக் கொஞ்சம் கூடவே போட்டேன்.

— ஏழெட்டு. அதான் தாள் பச்சையா மாறியிருக்கு. குளோரின் தூள் புளிப்பை எடுக்கும். முட்டை ஓடு இல்ல. என் சாக்ஸ் இல்ல. ஒண்ணுமே இல்ல.

— ஆனா மீன் நல்லா சாப்பிடுதே. இப்போதானே பார்த்தோம், குதிச்சுக் குதிச்சு.

— அது துடிப்பு அத்தை. நான் அது முன்னால நின்னு ஆடியிருக்கேன்.

— இப்போ என்ன பண்ணலாம்? அதைச் சொல்லுங்க. வண்டி பள்ளத்துல இறங்கிடுச்சு, டிரைவர் தலையில கை வெச்சா யார் ஸ்டீரிங் பிடிக்கிறது?

— விட்டமின் சி. அது குளோரினை அந்த நிமிஷமே அடக்கிடும். வீட்டுல இல்ல. கடைக்குப் போய்...

— என் கைப்பையில இருக்கு.

— எத்தனை?

— மூணு டப்பா. சளி பிடிச்சா இருக்கட்டும்னு. ஆரஞ்சு வாசனை. பரவாயில்லையா?

— ஆரஞ்சோ ஆப்பிளோ, கொண்டாங்க. நான் டம்ளர் அடியால நசுக்கிறேன். நீங்க பக்கெட்டுல கரைங்க.

— குளோரின் சோதிக்கிற தாள்னு ஒண்ணு சொன்னீங்களே, அதுல பார்த்துடலாமே முதல்ல.

— குளோரினே இல்லாத குளத்துக்கு அது எதுக்குன்னு தூக்கிப் போட்டுட்டேன். அத்தை, வெறுமனே ஊத்தினா கலக்காது. யாராவது உள்ள இறங்கிக் கலக்கணும். ரெண்டு பேரா இருந்தா நல்லது.

— எனக்கு நீச்சல் தெரியாது.

— படிக்கட்டுப் பக்கம் இடுப்பளவுதான்.

— யார் இடுப்பு? உங்க இடுப்பா, என் இடுப்பா?

— கையைக் கொடுங்க. மெதுவா. ஒரு படி. அடுத்த படி.

— ஜில்லுனு இருக்கு. மாப்பிள்ளை, கையை விட்டீங்க, உங்களை மாமனார்கிட்ட போட்டுக் கொடுத்துடுவேன். ஐயோ, காலை யாரோ கடிக்கிறாங்க.

— கடிக்கல, பாசின்னு நினைச்சு மேயறாங்க.

— கூசுது. டேய், விடுடா. இது அந்த நடிகன்தான், எனக்குத் தெரியும். மாப்பிள்ளை, இதுங்க சாகிற மாதிரியே இல்லையே. என் புடவையை இழுக்குதுங்க.

— பேசாம கலக்குங்க. பக்கெட்டுல மொண்டு உயரமா ஊத்துங்க, காத்து சேரட்டும். இன்னும் உயரமா.

— என் மேலயே ஊத்துறீங்க.

— நீங்க நடுவுல நிக்கிறீங்க.

— அம்மா?

— யாரு?

— அம்மா, நீ புடவையோட குளத்துல நின்னு என்ன பண்ற? வாத்தியாரே, நீ ஏன் அவங்க தலையில தண்ணி ஊத்துற?

— கேப்டன், நீ... நீ சாயங்காலம்தானே வரணும்?

— முந்தின வண்டியில இடம் கிடைச்சுது. என்ன நடக்குது? சுருக்கமா. எஞ்சின் ரூம்ல நாங்க எப்படி ரிப்போர்ட் கொடுப்போமோ அப்படி.

— இப்போ பாரு, மீன் சாப்பிடுறப்போ...

— சுருக்கமா.

— குளத்தை மீன் குளமாக்கிட்டேன். உன்கிட்ட சொல்லல. இது இன்னொரு திட்டம்தான். நீ என்ன முடிவு எடுத்தாலும் சரி, ஆனா முதல்ல இதுங்க பொழைக்கணும்.

— இதுங்கன்னா?

— இருநூறு மீன். அப்புறம் கோடிக்கணக்குல பாக்டீரியா.

— அவர் மேல தப்பில்லடி. தப்பெல்லாம் என் மேலதான். திட்டுறதா இருந்தா என்னைத் திட்டு.

— தண்ணி எப்போ பச்சையாச்சு?

— நீ போனதுமே. எவ்வளவு குளோரின் போட்டும் நிக்கல. வெயில் குளோரினை உடைச்சிடுது, எனக்கு ஒரு தியரி இருக்கு...

— நல்ல தியரி.

— நீ இன்னும் கேக்கவே இல்லையே.

— கேக்காமலே தெரியுது, நல்ல தியரி. வெயில்தான். நகருங்க ரெண்டு பேரும்.

— ஷூவைக் கழட்டு. கேப்டன், ஷூ. அத்தை, பின்னால வாங்க.

— குதிச்சுட்டா. மாப்பிள்ளை, எங்க போனா? காணோமே.

— அதோ. அந்தத் தொட்டிக்குக் கீழ. மீனெல்லாம் அவ பின்னாலேயே போகுது பாருங்க.

— அப்பாடா. வாத்தியாரே, தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்து பார்த்தேன். முதல் தடவையா எரியல. ஒருத்தன் நேரா என் மூக்குக்கு முன்னால வந்து நின்னு வாயைத் திறந்து திறந்து மூடுறான், உன்னை மாதிரியே. அவனும் ஏதோ விளக்கிக்கிட்டிருந்தான்.

— எரியலையா?

— துளிகூட. ஆழமான பக்கம் அவங்களுக்கு, படிக்கட்டுப் பக்கம் எனக்கு. நடுவுல ஒரு வலை கட்டு. தக்காளி போட்டிருக்கியா?

— அந்தக் கடைசித் தொட்டி.

— அப்போ சரி.

— சரின்னா? கப்பல்ல இருந்து இறங்க மாட்டேன்னு சொன்னியே?

— இறங்கிட்டேனே, இதோ நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன். போ, துண்டு கொண்டா. அம்மாவுக்கும் ஒண்ணு.

— துண்டும் கொண்டாரேன், புளிப்பு பார்க்கிற தாளும் கொண்டாரேன். அத்தை, கலக்குறதை நிறுத்தாதீங்க. பத்தே வினாடி.

— போயிட்டாரா?

— உள்ள ஓடிட்டார். ஏம்மா, உன் தலையில எல்லாம் ஆரஞ்சு மிட்டாய் வாசனை வருது?

— அது விட்டமின். அடியே, நான் பெரிய பாவம் பண்ணிட்டேன். அவர் அவ்வளவு ஆசையா வளர்த்ததுல விடியக்காலையில வந்து ஏழெட்டுக் கரண்டி குளோரினை அள்ளிப் போட்டுட்டேன்.

— நீல டப்பாவுல இருந்தா?

— ஆமா.

— அழாதேம்மா. அதுல குளோரின் இல்ல. போன தடவை கிளம்புற அன்னிக்கு அதை அப்புறப்படுத்திட்டு, சமையல் சோடாவை நிரப்பி வெச்சுட்டுப் போனேன்.

— சோடாவா? எதுக்குடி?

— கண்ணு எரிச்சல் தாங்கல. ஒவ்வொரு தடவையும் கண்ணாடி மாதிரி பண்ணி வெச்சுட்டு, கையில துண்டோட, மார்க் வாங்கின பையன் மாதிரி நிப்பார். எரியுதுன்னு எப்படிச் சொல்றது? குதிச்சுட்டேதான் இருந்தேன்.

— அப்போ அவர் மாசக்கணக்குல அள்ளி அள்ளிப் போட்டது...

— சோடா. அவருக்குத்தான் எப்பவும் மூக்கடைப்பாச்சே, வாடை தெரியாது.

— தண்ணி பச்சையானது?

— நான்தான்.

— தவளைக் குஞ்சு?

— தவளையுமா வந்துச்சு?

— அப்போ இன்னிக்குக் காலையில மீனுக்குப் பசி எடுத்தது? முட்டை ஓட்டைச் சாக்ஸுல கட்டிப் போட்டதாலன்னு சொன்னாரே.

— தண்ணி புளிச்சிருந்துச்சா? புளிப்பை எடுக்க சோடாதான் போடணும். கப்பல்ல பாய்லர் தண்ணி புளிக்காம இருக்க நாங்களும் இதே மாதிரிதான் ஒரு மருந்து போடுறோம். முட்டை ஓடு எல்லாம் கரையறதுக்கு வருஷமாகும். நீ போட்ட ஏழெட்டுக் கரண்டிதாம்மா இதுங்களைக் காப்பாத்தியிருக்கு. இனிமே வாரா வாரம் யாராவது கொஞ்சம் போட்டுக்கிட்டே இருக்கணும்.

— அவர்கிட்ட சொல்லிடலாமா?

— அத்தை. கேப்டன். பாருங்க, தாள் இன்னும் பச்சை, அம்மோனியா இறங்கியிருக்கு, ஒரு மீன்கூடச் சாகல. எனக்குப் புரிஞ்சிடுச்சு. விட்டமின் சி குளோரினை அடக்கிடுச்சு, மீதியை முட்டை ஓடு பார்த்துக்கிச்சு. என் சாக்ஸ்தான் ஜெயிச்சிருக்கு. என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிறீங்க?

— ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. பெட்டியைக் கொண்டுவந்தது வீணாகக் கூடாதுல்ல. இனிமே வாரா வாரம் விடியக்காலையில வந்து கீரை பறிச்சுக்கிட்டுப் போகலாமான்னு கேட்டுக்கிட்டிருந்தேன். சாவி இருக்கு, நீங்க எழுந்திருக்கவே வேண்டாம்.